டிவிடெண்டைத் திரும்பப் பங்கிலேயே போடுவது: நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வாழும் நமக்குப் பெரிய கம்பெனிகள் தூரத்துச் சங்கதி அல்ல. நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை இருக்கிறது. ரெட்டிபாளையத்தில் அல்ட்ராடெக், ஆலத்தியூரிலும் கோவிந்தபுரத்திலும் ராம்கோ, தளவாயில் 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போன இந்தியா சிமெண்ட்ஸ் என்று, சுண்ணாம்புக்கல் கிடைக்கும் பக்கமெல்லாம் சிமெண்ட் ஆலைகள். நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், ஊர் லாரிகள் அங்கே லோடு ஏற்றுகின்றன. அந்தக் கம்பெனிகளில் ஒரு சிறு பாகத்துக்கு நாமும் சொந்தக்காரர் ஆகலாம் என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. அரியலூரின் அரசு சிமெண்ட் ஆலையான டான்செம் இதில் சேராது. அது தமிழக அரசுக்கே சொந்தம். மேலே சொன்ன மற்ற கம்பெனிகளின் பங்குகள் சந்தையில் விற்கப்படுகின்றன.

சில காலமாக இளைஞர்களும் சபுராளி வீட்டார்களும் ஒரு கேள்வியை நம்மிடம் கொண்டு வருகிறார்கள். "அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் புரோக்கர் இல்லாமல் கம்பெனியிடமே பங்கு வாங்குகிறாராம். லாபத்தொகையைக் கையில் வாங்காமல் அதற்கும் பங்காகவே எடுத்துக்கொள்கிறாராம். நாமும் அப்படிச் செய்யலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்பதே அது. சட்டம், மார்க்கம், குடும்பம் ஆகிய மூன்று பக்கமும் இதற்குப் பதில் வேண்டியிருப்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அந்தத் திட்டம் என்ன?

ஒரு கம்பெனி ஆண்டு லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதே டிவிடெண்ட். தமிழில் ஈவுத்தொகை, லாபப் பங்கு என்பார்கள். அமெரிக்காவில் 1960களின் இறுதியிலிருந்தே சில கம்பெனிகள் இன்னொரு வசதியைத் தருகின்றன. பங்குதாரர் ஒருமுறை கையெழுத்திட்டுக் கொடுத்தால், அவருக்கு வரவேண்டிய டிவிடெண்ட் பணமாக வராது. அந்தத் தொகைக்கு அதே கம்பெனியின் பங்கை அவர் பெயரில் எழுதிவிடுவார்கள். ஒரு முழுப் பங்கு வாங்கப் பணம் போதாவிட்டால் பங்கில் கால், அரை என்று துண்டாகவும் எழுதுவார்கள். சில கம்பெனிகள் முதல் பங்கையே புரோக்கர் இல்லாமல் தங்கள் பதிவாளர் மூலம் நேரடியாக விற்கின்றன. கம்ப்யூட்டர்ஷேர் போன்ற பதிவாளர் நிறுவனங்கள் இந்தக் கணக்குகளைப் பராமரிக்கின்றன.

வரும் லாபம் மீண்டும் முதலாகி, அந்த முதலுக்கும் லாபம் வருவதுதான் இதன் பலன். கடையில் கிடைத்த லாபத்தை வீட்டுக்கு எடுக்காமல் சரக்காகவே போட்டுக் கடையைப் பெருக்கிய நம் பெரியவர்கள் செய்ததும் இதுவே.

இங்கே ஏன் இல்லை?

இந்தியக் கம்பெனிகளில் இத்தகைய தானியங்கித் திட்டம் கிடையாது. முதற்காரணம் சட்டம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 123-ஆவது பிரிவு, டிவிடெண்டைப் பணமாகத்தான் கொடுக்க வேண்டும் என்கிறது. காசோலையாகவோ வங்கிக் கணக்குக்கு நேரடியாகவோ அது வந்துசேர வேண்டும். கம்பெனி தன் லாபத்தைக் கொண்டு போனஸ் பங்கு வழங்கலாம். ஆனால் அது எல்லாப் பங்குதாரருக்கும் ஒரே விகிதத்தில் தரப்படுவது. தனி ஒருவரின் டிவிடெண்டுக்குப் பதிலாகத் தரப்படுவதில்லை.

இரண்டாவது காரணம், இந்தியாவில் துண்டுப் பங்கு வைத்திருக்க முடியாது. இதற்கு நம் பக்கத்து ஆலையே நல்ல உதாரணம். 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டு பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கி, 1961-ல் பொதுக் கம்பெனியான எம்.ஆர்.எஃப்.பின் ஒரு பங்கு, 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. 2023-24 கணக்காண்டுக்கு அது ஒரு பங்குக்கு மொத்தம் 200 ரூபாய் டிவிடெண்ட் தந்தது. பத்துப் பங்கு, அதாவது பத்து லட்சத்துக்கும் மேல் மதிப்புள்ள பங்கு வைத்திருப்பவருக்கு வந்தது 2,000 ரூபாய். அந்தப் பணத்தில் அதே கம்பெனியின் ஒரு பங்கை வாங்க அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். விலை உயர்ந்த பங்கின் டிவிடெண்ட் கேட்கப் பெரிதாக இருக்கும், போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிதாக இருக்கும் என்பதையும் இந்த உதாரணம் காட்டுகிறது.

டிவிடெண்ட் வாக்குறுதி அல்ல என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இயக்குநர் குழு பரிந்துரைத்து, ஆண்டுப் பொதுக்கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகே இறுதி டிவிடெண்ட் உறுதியாகிறது. லாபம் இல்லாத ஆண்டில் அது வராமலே போகலாம். பங்கின் விலையும் இறங்கலாம். மார்க்கப் பார்வையில் இந்த நிச்சயமின்மைதான் இதை வட்டியிலிருந்து பிரிக்கிறது. நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பவருக்கே லாபம் உரியது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி.

கம்பெனியிடமிருந்து நேரடியாக வரும் பங்குகள்

இங்கே கம்பெனியின் கையிலிருந்து நம் கைக்குப் பங்கு வரும் வழிகள் சிலவே.

முதலாவது, பொது வெளியீடு. ஒரு கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும்போது விண்ணப்பிக்கலாம். பணம் நம் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும், பங்கு ஒதுக்கப்பட்டால் மட்டுமே எடுக்கப்படும். இரண்டாவது, உரிமைப் பங்கு. ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி புதுப் பங்குகளை முதலில் தர முன்வருவது இது. மூன்றாவது, போனஸ் பங்கு. நான்காவது, கம்பெனி தன் ஊழியர்களுக்குத் தரும் பங்கு. இவை தவிர மற்ற எல்லாம் பங்குச் சந்தையில், செபியிடம் பதிவு பெற்ற புரோக்கர் மூலம், டீமேட் கணக்கில் வாங்குவதுதான். வாங்கிய மறு வேலைநாளில் பங்கு கணக்கில் வந்துவிடும்.

இதைத் தெரிந்து வைத்திருப்பது மிக அவசியம். ஏனென்றால் இன்று வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வரும் மோசடிகளில் பெரும்பாலானவை இதே வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. "கம்பெனியிலிருந்தே நேரடி ஒதுக்கீடு, சந்தை விலையைவிடக் குறைவு, எங்கள் ஆப்பில் பணம் போடுங்கள்" என்பார்கள். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களின் கணக்கு வழியாகப் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்லும் இத்தகைய ஆப்களைப் பற்றி 2024-ல் செபியே எச்சரிக்கை வெளியிட்டது. திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்கப் போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். தனிநபரின் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடி என்று முடிவு செய்துவிடலாம்.

"ஹலால்" என்ற பெயரும் பாதுகாப்பு அல்ல. பெங்களூரில் ஹலால் லாபம் என்று சொல்லிப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. நிறுவனம் 2019 ஜூனில் கவிழ்ந்தபோது, பல்லாயிரக்கணக்கான முஸ்லிம் குடும்பங்கள் திருமணத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்த பணத்தை இழந்தன. மாதாமாதம் தவறாமல் லாபம் வந்ததையே அவர்கள் நம்பிக்கைக்கு ஆதாரமாகக் கொண்டார்கள். உண்மையான வியாபாரத்தில் லாபம் மாதாமாதம் ஒரே சீராக வராது.

மியூச்சுவல் ஃபண்டில் வரும் "மறுமுதலீடு"

வங்கியிலோ ஏஜெண்டிடமோ "டிவிடெண்ட் மறுமுதலீடு" என்று கேட்டால் அவர்கள் காட்டுவது மியூச்சுவல் ஃபண்ட் திட்டத்தைத்தான். 2021 ஏப்ரல் முதல் இதன் பெயரையே செபி மாற்றச் செய்தது. ஃபண்ட் பிரித்துத் தரும் தொகையில் நாம் போட்ட முதலின் ஒரு பகுதியும் இருக்கக்கூடும் என்பதை மக்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே அந்த மாற்றம். நம் முதலிலிருந்தே எடுத்து நமக்கே கொடுப்பதை லாபம் என்று எண்ணி மகிழ்வதில் பொருளில்லை. லாபத்தைப் பிரிக்காமல் உள்ளேயே விடும் "குரோத்" என்ற வகையே மறுமுதலீட்டுக்கு நேர்வழி.

ஷரீஅத் நிபந்தனைகளின்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகள் இந்தியாவில் மிகச் சில. டாடா எத்திகல் ஃபண்ட், டாரஸ் எத்திகல் ஃபண்ட் ஆகியவை அவற்றில் சேரும். நிஃப்டி 50 ஷரீஅத் குறியீட்டைப் பின்பற்றும் ஷரீஅத் பீஸ் என்ற திட்டம் பங்குச் சந்தையிலேயே பங்கைப் போல வாங்கப்படுவது. ஆண்டறிக்கை படிக்க நேரமோ பழக்கமோ இல்லாதவர்களுக்கு இவை இலகு. எனினும் திட்ட ஆவணத்தில் ஷரீஅத் மேற்பார்வை யாருடையது, ஹராமான வருமானத்தைப் பிரித்து நீக்கும் பொறுப்பு யாருடையது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மார்க்கத்தில் கூடுமா?

கம்பெனிப் பங்கு என்பது கூட்டு வியாபாரத்தில் ஒரு பாகம். மதுபானம், சூதாட்டம், வட்டி வங்கி, வழக்கமான இன்சூரன்ஸ் போன்றவற்றையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகளின் பங்கு கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சிமெண்ட், டயர், மருந்து, துணி போன்ற தொழில்கள் அடிப்படையில் ஆகுமானவை.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. இன்றைய கம்பெனிகள் ஏறக்குறைய எல்லாமே வங்கியில் வட்டிக்குக் கடன் வாங்குகின்றன, உபரிப் பணத்தை வட்டிக்குப் போட்டும் வைக்கின்றன. இத்தகைய கம்பெனிகளின் பங்கை வாங்குவது அடிப்படையில் கூடாது என்பதே 1992-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியின் தீர்மானம். இக்காலத்தின் வேறு பல அறிஞர்களும், மவ்லானா முஃப்தி தகீ உஸ்மானீ போன்றோரும், ஷரீஅத் தர அமைப்பான அயோஃபியும் சில நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறார்கள். இரு தரப்பையும் நாம் மதிக்கிறோம். பேணுதலுக்காகப் பங்கே வேண்டாம் என்று ஒதுங்குபவரைக் குறை சொல்ல இடமில்லை. வாங்குபவர் அனுமதித்தவர்களின் நிபந்தனைகளை முழுமையாகப் பேண வேண்டும்.

அயோஃபி கூறும் அளவுகள் மூன்று. கம்பெனியின் வட்டிக் கடன் அதன் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வட்டிக்குப் போட்டிருக்கும் பணமும் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஹராமான வழிகளில் வரும் வருமானம் மொத்த வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேறு சில அமைப்புகள் 33 சதவீதம் என்றும், சில இதைவிடக் கடுமையாகவும் வைத்திருக்கின்றன. இந்த விவரங்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருக்கும். ஆண்டறிக்கை கம்பெனியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சிமெண்ட் போன்ற தொழில்களில் புது ஆலை கட்டும் ஆண்டுகளில் கடன் ஏறும், பிறகு இறங்கும். ஆகவே சென்ற ஆண்டு தேறிய கம்பெனி இந்த ஆண்டும் தேறும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊர் ஆலை என்ற பாசமும் இதில் செல்லாது.

முஃப்தி தகீ உஸ்மானீ அவர்கள் இன்னொரு நிபந்தனையும் சொல்கிறார்கள். கம்பெனியின் வட்டிக் கொடுக்கல் வாங்கலுக்குப் பங்குதாரர் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தன் ஆட்சேபத்தைத் தெரிவிக்க வேண்டும். முன்பு இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது பல கம்பெனிகளின் கூட்டங்கள் காணொளியில் நடக்கின்றன. வாக்களிப்பதும் வீட்டிலிருந்தே ஆகிறது. நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது யாருக்கும் சிரமமல்ல.

முன்னுரிமைப் பங்கு, கடன் பத்திரம் ஆகியவற்றில் நிர்ணயித்த விகிதத்தில் தொகை வருவதால் அவை இந்த அனுமதியில் சேரா. கணக்கில் வந்துசேராத பங்கை அன்றே விற்கும் தினசரி வணிகமும், ஃபியூச்சர் ஆப்ஷன் வணிகமும் அப்படியே. இந்த ஃபியூச்சர் ஆப்ஷன் சந்தையில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள், அவர்கள் இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று செபியின் ஆய்வு சொல்கிறது. மார்க்கம் தடுத்ததன் ஹிக்மத்தை இந்தக் கணக்கில் பார்க்கலாம்.

நம் கையாலேயே செய்யும் மறுமுதலீடு

தானியங்கித் திட்டம் இல்லாதது ஒரு முஸ்லிமுக்கு இழப்பல்ல என்பதே நம் கருத்து. டிவிடெண்ட் தானாகவே பங்காக மாறிவிட்டால், அதில் கலந்திருக்கும் வட்டிப் பங்கைப் பிரித்து நீக்க வேண்டிய இடம் கண்ணில் படாமலே போய்விடும். பணம் வங்கிக்கு வருவதால் நாம் ஒரு நிமிடம் நின்று கணக்குப் பார்க்கிறோம்.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். எண்கள் கற்பனையானவை. ஒருவரிடம் ஒரு கம்பெனியின் 100 பங்குகள் உள்ளன. ஒரு பங்குக்கு 12 ரூபாய் வீதம் 1,200 ரூபாய் டிவிடெண்ட் வந்தது. கம்பெனியின் மொத்த வருமானம் 5,000 கோடி, அதில் வட்டி வருமானம் 100 கோடி, அதாவது 2 சதவீதம். பல அறிஞர்கள் சொல்லும் எளிய முறையில், டிவிடெண்டில் 2 சதவீதமான 24 ரூபாயை நீக்க வேண்டும். அயோஃபியின் முறை வேறு. மொத்த வட்டி வருமானத்தைக் கம்பெனியின் மொத்தப் பங்குகளால் வகுக்க வேண்டும். கம்பெனிக்கு 50 கோடிப் பங்குகள் என்றால் ஒரு பங்குக்கு 2 ரூபாய், 100 பங்குக்கு 200 ரூபாய். டிவிடெண்டே வராத ஆண்டிலும் இந்த முறையில் நீக்கியாக வேண்டும்.

பங்கின் விலை 430 ரூபாய் என்று வைப்போம். முதல் முறையில் மீதி 1,176 ரூபாய். இரண்டு பங்கு வாங்க 860 போக 316 கையில் நிற்கும். இரண்டாவது முறையில் மீதி 1,000. அதிலும் இரண்டு பங்கு வாங்கலாம், 140 நிற்கும். நிற்கும் தொகையை அடுத்த டிவிடெண்டோடு சேர்த்துக்கொள்ளலாம். பேணுதலான முறைக்குப் போனதால் பங்கின் எண்ணிக்கை குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீக்கும் தொகையை நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அதை ஜகாத்தாகவோ ஸதகாவாகவோ எண்ணக் கூடாது. நம் வரியைக் கட்டவும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

டிவிடெண்ட் வந்த கம்பெனியிலேயே திரும்பப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அந்த ஆண்டு அதன் கடன் ஏறியிருந்தால், நிபந்தனைகளில் தேறிய வேறொரு கம்பெனியில் போடலாம். தானியங்கித் திட்டத்தில் இந்தச் சுதந்திரம் கிடைக்காது.

ஜகாத்தும் வரியும்

விலை ஏறினால் விற்கும் எண்ணத்தோடு வாங்கிய பங்கு வியாபாரச் சரக்கு. ஜகாத் நாளன்று அதன் முழுச் சந்தை மதிப்புக்கும் இரண்டரை சதவீதம் கடமை. டிவிடெண்டுக்காக நெடுநாள் வைத்திருப்பவர், கம்பெனியின் ரொக்கம், சரக்கு, வரவேண்டிய கடன் போன்ற ஜகாத்துக்குரிய சொத்தில் தன் பங்குக்கு விழும் அளவைக் கணக்கிடலாம் என்று அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். ஆலைக் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஜகாத் இல்லை. அப்படிக் கணக்கிட முடியாவிட்டால் முழு மதிப்புக்குக் கொடுப்பதே பாதுகாப்பு. ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபினரும் தத்தம் ஆலிமிடம் ஒருமுறை கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

டிவிடெண்டைத் திரும்பப் பங்கில் போட்டாலும் அதற்கு வருமான வரி உண்டு. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் வாங்குபவரின் வருமானத்தோடு சேர்த்தே வரி கணக்கிடப்படுகிறது. ஒரு கம்பெனியிலிருந்து ஓராண்டில் வரும் டிவிடெண்ட் 10,000 ரூபாயைத் தாண்டினால், 2025 ஏப்ரலுக்குப் பிறகான விதிப்படி, 10 சதவீதம் முன்னதாகவே பிடிக்கப்படும். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்குப் பிடித்தம் இன்னும் அதிகம்.

சபுராளி அனுப்பிய பணம்: பங்கு யாருடையது?

லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடாவுக்குப் போகாத வீடு அபூர்வம். மகன் அங்கிருந்து பணம் அனுப்புவார். அத்தா தன் பெயரில் உள்ள டீமேட் கணக்கில் பங்கு வாங்கிப் போடுவார். பத்தாண்டு டிவிடெண்ட் சேர்ந்து பங்கு பெருகும். அத்தா மவுத்தான மறுநாள் கேள்வி எழும்: இந்தப் பங்கு பணம் அனுப்பிய மகனுடையதா, பிள்ளைகள் அனைவருக்கும் உரிய வாரிசுச் சொத்தா?

பணம் எந்த நிய்யத்தில் கொடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே பதில். அத்தாவுக்கு அன்பளிப்பாக, ஹிபாவாகக் கொடுத்து அவர் கைப்பற்றியிருந்தால், அது அத்தாவின் சொத்து. அவருக்குப் பின் எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு. "என் சார்பில் வாங்கி வையுங்கள்" என்று வகாலத்தாக ஒப்படைத்திருந்தால் மகனுடையது. கடனாகக் கொடுத்திருந்தால், வாரிசுகளுக்குப் பிரிக்கும் முன் கடனை அடைக்க வேண்டும். வாயால் மட்டும் சொன்ன பேச்சு பத்தாண்டு கழித்து யார் நினைவிலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. கடனை எழுதி வைக்குமாறு குர்ஆனின் மிக நீளமான வசனமான அல்பகறா 282 கட்டளையிடுகிறது. இரண்டு வரி எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்திட்டு வைத்தால் போதும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை முறியாமல் இருக்கும்.

வெளிநாடு சென்றவர் தன் பெயரிலேயே முதலீடு செய்வது இன்னும் தெளிவு. ஆனால் ஊரில் இருந்தபோது திறந்த டீமேட் கணக்கை அப்படியே தொடரக் கூடாது. வெளிநாடு வாழ் இந்தியர் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாமினி வாரிசு அல்ல

டீமேட் கணக்கில் நாமினியாக ஒருவர் பெயரைக் கொடுப்போம். அவரே சொந்தக்காரர் என்று பல வீடுகளில் எண்ணுகிறார்கள். மூத்த மகன் நாமினியாக இருந்து எல்லாப் பங்கையும் தன் கணக்குக்கு மாற்றிக்கொள்வதும், தாயும் சகோதரிகளும் வாய் மூடி இருப்பதும் நடக்கிறது. 2023 டிசம்பர் 14 அன்று சக்தி யெஸ்தானி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பங்குகளின் நாமினி கம்பெனியிடமிருந்து அவற்றைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அவர் முழு உரிமையாளர் ஆகமாட்டார், வாரிசுச் சட்டப்படியே சொத்து சேரும் என்பது தீர்ப்பு. நமக்கு வாரிசுச் சட்டம் என்றால் ஷரீஅத்தின் ஃபராயிள்.

720 பங்குகளை விட்டு ஒருவர் மவுத்தாகிறார் என்று வைப்போம். அவருடைய தந்தை முன்பே மவுத்தாகிவிட்டார். தாய், மனைவி, ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். ஜனாஸாச் செலவும் கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பின் மனைவிக்கு எட்டில் ஒன்று, 90 பங்கு. தாய்க்கு ஆறில் ஒன்று, 120 பங்கு. மீதி 510-ல் மகனுக்கு 340, மகளுக்கு 170. இறந்த பிறகு வந்த டிவிடெண்டும் இதே விகிதத்தில்தான். மகன் நாமினியாக இருந்து அதையெல்லாம் தன் பெயரில் திரும்பத் திரும்பப் பங்காக வாங்கினால், அவர் பெருக்கும் சொத்தில் தாயின் ஹக்கும் சகோதரியின் ஹக்கும் கலந்திருக்கிறது. வட்டியைப் பிரித்து நீக்கியவர் இதையும் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் கிடக்கும் பங்கு இன்னொரு ஆபத்து. ஏழாண்டு யாரும் கேட்டு வாங்காத டிவிடெண்ட், மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழாண்டு டிவிடெண்ட் வாங்கப்படாத பங்குகளும் அங்கே மாற்றப்படும். பின்னர் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம், ஆனால் ஆவணங்களுக்காக அலைய வேண்டும். அத்தா காலத்துக் காகிதப் பங்குச் சான்று பெட்டியில் இருந்தால் உடனே எடுத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை விற்றுக் கைமாற்ற முடியாது, டீமேட்டாக மாற்ற வேண்டும்.

வீட்டில் ஒரு நோட்டு

இவ்வளவும் ஒரு நோட்டில் அடங்கும். கம்பெனியின் பெயர், பங்கின் எண்ணிக்கை, வாங்கிய நாள், விலை. பணம் யாருடையது, எந்த நிய்யத்தில் கொடுத்தது. அந்த ஆண்டு கடனும் வட்டி வருமானமும் எத்தனை சதவீதம். வந்த டிவிடெண்ட், நீக்கிய தொகை, திரும்ப வாங்கிய பங்கு. ஜகாத் கொடுத்த நாள். நாமினி யார், வாரிசுகள் யார் யார். டீமேட் கணக்கு எந்தப் புரோக்கரிடம் உள்ளது.

இந்த நோட்டு இருக்கும் இடம் மனைவிக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரமளானில் ஜகாத் கணக்குப் பார்க்க உட்காரும்போது இதையும் திறந்து, அந்த ஆண்டின் வரிகளைக் குடும்பத்தார் முன்னிலையில் நிரப்பிக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.